குங்குமம் இழுத்த தாரை

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மாலை

அன்புள்ள நிஷாக்கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தெருத் தண்ணீரில் முழங்கால் வரை நனைந்தாலும் தலை நனையாமல் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த இத்தாலிப் போலோன்யா குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டு சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவேன். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதுதான் இதில் உள்ள வசதி. எழுதி முடித்ததும் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள், அசல் பின்னால் தபாலில் வரும். முதலில் முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் படித்தோம். அதில் நீ, தேர்வுக் குழுவின் முன்னால் பேச்சு முடிந்து கேள்வி கேட்டபோது தெரியாது என்று சொல்லிவிட்டேன், எனக்கு அடுத்து வந்தவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், அதனால் இந்த இரண்டு வருட ஆராய்ச்சி வேலை எனக்குக் கிடைக்காது, பிரசன்னா அண்ணனிடம் அம்பத்தூர் வேலைக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நம் எதிர்வீட்டு ஞானம்மாள் டீச்சரின் பிள்ளை பிரசன்னா தன் கம்பெனியில் உனக்காக ஒரு இடத்தைத் திங்கட்கிழமை வரை பிடித்துவைத்திருந்தான், நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நீ சொன்னபடி நாங்கள் செய்யவில்லை. கோபப்படாதே. முழுதும் படித்துவிட்டு அப்புறம் ஆற அமரக் கோபப்படு.

உன் வேலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ கேட்கலாம். பத்தாம் வகுப்பில் கணக்கில் பாஸ் மார்க்குக்கு மேலே எடுத்தது ஒன்றே ஒன்று, அதுவும் வாத்தியார் கூட்டலில் தவறு செய்ததால் வந்தது. அப்புறம் ஐடிஐ, அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் யூசுப் பாயின் ஷெட், அங்கே செய்யும் குழாய்முனை நாசில்களுக்குத் தண்ணீர் விட்டு விட்டுப் பார்த்தே இத்தனை வருடம் போய்விட்டது. என் அப்பாவுக்குப் புரிந்தால் உலகத்தில் யாருக்கும் புரிந்துவிடும் என்று உன் தோழியிடம் சொன்னாயாமே, அது பாராட்டா திட்டா என்று அம்மாவிடம் கேட்டேன், அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். இருந்தாலும் இந்த ஆறேழு மாதமாக ஞாயிறு தோறும் நீ போனில் சொல்லச் சொல்ல எனக்குள் ஏறியதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து. சில விண்மீன் மண்டலங்களின் நடுவில் நம் சூரியனைப்போலப் பல கோடி மடங்கு கனமான கருந்துளை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சுற்றியிருக்கும் வாயு அதற்குள் விழுகிறது. கருந்துளை என்றால் எல்லாவற்றையும் விழுங்குவது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன், அது இரண்டு பக்கமும் தாரை தாரையாகப் பீய்ச்சவும் செய்கிறது என்று நீ சொன்னபோது விழுங்கினதைத் துப்புகிறதா என்று கேட்டேன். இல்லை அப்பா, உள்ளே போனது வெளியே வராது, வாசலில் சுற்றிக்கொண்டிருந்ததில் கொஞ்சத்தைத்தான் விசிறியடிக்கிறது என்றாய். அதுவும் எந்த வேகத்தில், ஒளியின் வேகத்துக்கு ஒரு இழை குறைவான வேகத்தில். எப்போதாவது ஆவடியிலிருந்து சென்ட்ரல் போக மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் தொங்கும் எனக்கு அந்த வேகத்தை நினைத்தாலே தலையில் முடி நிற்கிறது, முடி இருந்தால்.

இதில் என்னை அசத்தியது வேகம்கூட இல்லை, அது குறைகிற விதம்தான். சில தாரைகள் பல லட்சம் ஒளியாண்டு தூரம் வேகம் குன்றாமல் ஓடி, கடைசியில் வெளியே இருக்கும் வாயுவில் முட்டி, முட்டின இடம் விளக்கேற்றினதுபோல் ஒளிர்ந்து, பிறகு பின்பக்கமாக மேகம்போலப் பரவுகின்றன. வேறு சில தாரைகள் தங்கள் மண்டலத்தை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே அகன்று, மூச்சு வாங்கி, அடுப்புப் புகைபோல இப்படியும் அப்படியும் அலைய ஆரம்பித்துவிடுகின்றன. எனக்கு உடனே தோன்றியது முன்னால் ஏதோ சுவர் இருக்கும், அதில் இடித்திருக்கும் என்று. நீ சிரித்துக்கொண்டே முன்னால் இருப்பது மட்டும் இல்லை, பக்கத்தில் சும்மா நிற்கும் வாயுவைத் தாரை தன் ஓரத்தில் இழுத்து இழுத்துக் கூடச் சேர்த்துக்கொள்கிறது, சேரச் சேரக் கனம் கூடுகிறது, கனம் கூடக் கூட வேகம் குறைகிறது என்றாய். அப்போது நான் சொன்னேனே, சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குச் சீக்கிரம் போகவேண்டும் என்று நான் ஒரே வேகமாகத்தான் கிளம்புகிறேன், படிக்கட்டில் ஒருவர், சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பேர், டீக்கடையில் நான்கு பேர் என்று சேர்ந்து மெயின் ரோட்டுக்கு வரும்போது சாலையை அடைத்துக்கொண்டு கல்யாண ஊர்வலம்போல நடக்கிறோம், அதுவா இது என்று.  நீ, அப்பா, கிட்டத்தட்ட அதுதான், உங்களிடம் முதலில் இருந்த உந்தம் அழியவில்லை, எல்லோருக்கும் பங்காகிவிட்டது என்றாய். உந்தம் என்ற சொல்லை ஒன்பதாம் வகுப்புக்கு அப்புறம் அன்றுதான் கேட்டேன், பழைய சிநேகிதனை ஸ்டேஷனில் பார்த்ததுபோல் இருந்தது.

அதைவிட ஒன்று. இவ்வளவு தொலைவில் இருக்கிற, போய்த் தொட முடியாத, ஒரு ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் பெரும்பாலும் அசையாததுபோலவே இருக்கிற ஒன்றின் வேகத்தை நீங்கள் எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பக்கத் தாரைகளும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்றேதான், ஆனால் நம் பக்கம் சாய்ந்து வருவது பளிச்சென்றும் நம்மைவிட்டு விலகிப் போவது மங்கலாகவும் தெரியும், ஏனென்றால் அத்தனை வேகத்தில் போகிற பொருள் தன் ஒளியைப் போகிற திசையிலேயே குவிக்கும் என்றாய். ரயில் ஹாரன் கிட்டே வரும்போது ஒரு மாதிரியும் தாண்டிப் போகும்போது ஒரு மாதிரியும் கேட்கிறதே அதுவா என்றேன், சொந்தக்காரர்தான், ஆனால் அவரே இல்லை என்றாய். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வந்துவிடுகின்றன, அப்படியானால் வேகம் குறைந்துவிட்டது என்று அர்த்தம், எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்றுகூடச் சொல்லிவிடலாம் என்றாய். இரண்டு வெளிச்சத்தை ஒப்பிட்டு வேகத்தைச் சொல்வது! நான் அன்று முழுக்க ஷெட்டில் பார்க்கிறவரிடமெல்லாம் இதைச் சொல்லித் தீர்த்துவிட்டேன். நம் லேத் ஓட்டும் தட்சிணாமூர்த்தி கேட்டுவிட்டு, “இன்னா நைனா, நம்ம பாப்பா மேல கீறத இங்கேர்ந்தே எட போட்டுகினு கீதா, நானு கைல வெச்சுகினு கீற பீச கேஜ் போட்டு அளந்தாலே தப்பா பூடுது” என்றார். அவர் பாணியில் அதுதான் பெரிய மரியாதை.

இப்போது அந்த வீடியோ விஷயத்துக்கு வருகிறேன், உன்னிடம் பாதியைத்தான் போனில் சொன்னேன். தேர்வுக் குழுவில் வானியல் தெரியாதவர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு ஒரு தாரை பக்கத்துத் தண்ணீரை இழுப்பதைக் கண்ணால் காட்ட வேண்டும், நீங்கள் நாசில் சோதிக்கும் கண்ணாடித் தொட்டியில் எடுத்து அனுப்ப முடியுமா அப்பா என்று புரட்டாசியில் கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மகள் பிரபஞ்சத்துக்காக என் தொட்டியைக் கேட்கிறாள்! மற்ற நாளில் தொட்டி காலியாக இருப்பதில்லை, ஆர்டர் நாசில்கள் வரிசையில் நிற்கும். ஆயுத பூஜை அன்று எடுத்துவிடலாம், மெஷின் எல்லாம் ஓய்வு என்று நான் அறிவாளித்தனமாகச் சொன்னேன், அவ்வளவுதான், தட்சிணாமூர்த்தி பிடித்துக்கொண்டார். “பூஜ போட்ட மெசின அன்னிக்கே ஓட்டச் சொல்றியே, நீ சோறுதானே துன்ற” என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். யூசுப் பாய்தான் சமாதானம் செய்தார். அவர் நம் ஷெட்டில் பூஜை அன்று பூசணிக்காயும் பொரியும் தானே வாங்கிக்கொண்டு வந்து ஓரமாகக் கை கட்டி நிற்பவர் என்று உனக்குத் தெரியுமே. “சண்ட எதுக்கு, மறுநாள் விஜயதசமி, எப்படியும் ஒரு மெஷின மொதல்ல ஓட்டித்தானே ஆகணும், அந்த மொத ஓட்டம் நம்ம புள்ள படிப்புக்கு ஓடட்டும்” என்றார். அப்படியே முடிவானது.

பூஜைக்கு முந்தின நாள் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினோம். பூஜையன்று தட்சிணாமூர்த்தி ஒன்றையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார், லேத்துக்கு, டிரில்லுக்கு, கம்ப்ரஸருக்கு, என் ஸ்டூலுக்கு, கடைசியில் காலித் தொட்டிக்குள் கையை விட்டு அதில் பொருத்தியிருந்த நாசிலின் வெளிப்பக்கத்தில் சுற்றிலும் தாராளமாக ஒரு பட்டை. மறுநாள் காலையில் தண்ணீர் நிரப்பி அசையாமல் நிற்கவிட்டு, நீ சொன்னபடி தாரையாகப் போகிற தண்ணீரில் மட்டும் அம்மாவின் சொட்டு நீலத்தைக் கலந்து, போனை நான்கு டீ கிளாஸ் மேல் சாய்த்துவைத்து, வால்வைத் திறந்தேன். நீலத் தாரை அழகாகத்தான் புறப்பட்டது. உடனே நாசிலின் வெளிப்பக்கக் குங்குமத்திலிருந்து சிவப்பு நூல் நூலாகக் கிளம்பி நேரே தாரைக்குள் போக ஆரம்பித்தது. தட்சிணாமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு, “போச்சுடா, பாப்பா படத்துல ரத்தம் வந்துகினு கீது” என்று கத்தியதும் அந்த வீடியோவில் இருக்கிறது. நீரை நிரப்புவதற்கு முன்னால் துடைத்திருக்கலாமே என்று நீ அப்புறம் கேட்டாய். நிஷா, பூஜைப் பொட்டைத் துடைக்கிறதாவது! அது தானாகத்தான் போக வேண்டும், அதுவரை அப்படியே வைத்துக்கொண்டுதான் வேலை. இந்தப் பக்கத்து ஷெட்டுகளில் எந்த மெஷினை வேண்டுமானாலும் போய்ப் பார், தை மாதம் வரைக்கும் பழைய குங்குமத்தோடு ஓடும். ஒருத்தருக்கும் துடைக்கலாம் என்று தோன்றவே இல்லை.

அந்த வீடியோ கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிட்டு, சிவப்பெல்லாம் கரைந்து போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி ஓடவிட்டு, மறுபடி நீலம் மட்டும் தெரிய சுத்தமாக ஒன்று எடுத்தோம், அதைப் பார்த்து ஷெட்டே கைதட்டியது. இரண்டையும் அனுப்பினேன், கெட்டதை எதற்கு அனுப்பினேன் என்றால் அழிக்கத் தெரியாததால். அரை மணி நேரத்தில் நீ கூப்பிட்டு, அப்பா அந்தச் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்டபோது உன் குரலில் இருந்த படபடப்பைக் கேட்டு நான் திட்டு விழப்போகிறது என்று நினைத்து முதல் வேலையாகத் தட்சிணாமூர்த்தியைக் காட்டிக்கொடுத்தேன். நீயோ, அதுதான் வேண்டும், சுத்தமான வீடியோவில் தாரை அகலமாவது மட்டும்தான் தெரிகிறது, வெளியே சும்மா நின்ற தண்ணீர் எங்கிருந்து வந்து எப்படி உள்ளே போகிறது என்பது இதில்தான் தெரிகிறது என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினாய். நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். அந்தச் சிவப்பு நூல்கள் தாரையின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வந்து, தொட்டதும் வளைந்து, அதோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தன. அவை சேரச் சேர நீலம் வெளுத்தது, அகன்றது, தொட்டியின் பாதிக்குமேல் சுருண்டு சுருண்டு நின்றேவிட்டது. எத்தனையோ ஆயிரம் நாசில்களுக்கு நான் தண்ணீர் விட்டிருக்கிறேன். தண்ணீர் சரியான அளவு வருகிறதா, ஒழுகுகிறதா, அவ்வளவுதான் பார்ப்பேன். பக்கத்தில் நிற்கும் தண்ணீர் என்ன செய்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. நீ சொன்ன பிறகுதான் எனக்குக் கண் வந்தது. இது தண்ணீர், அங்கே இருப்பது தண்ணீரைவிட எவ்வளவோ மெல்லிய வாயு, வேகமும் வேறு, அதனால் இது நிரூபணம் இல்லை, ஒரு கருத்தை விளக்குகிற படம் மட்டும்தான், அப்படிச் சொல்லித்தான் காட்டுவேன் என்றும் சொன்னாய் பார், அந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது. நான் என்றால் இதுதான் பிரபஞ்சம் என்று அடித்துவிட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமைப் பேச்சைப் பொதுவில் இணையத்தில் காட்டுவார்கள் என்று நீ இணைப்பு அனுப்பினதும் யூசுப் பாய் தன் அறைக் கம்ப்யூட்டரில் எல்லோரும் பார்க்கலாம் என்றுவிட்டார். மதியத்துக்கு மேல் மழை கொட்டியது, எஸ்டேட் சாலை ஏரியாகிவிட்டது, அந்தத் தண்ணீரில் அம்மா ஷேர் ஆட்டோ பிடித்து அம்பத்தூர் வந்து சேர்ந்தாள். நான் வேலை செய்யும் இடத்துக்கு இத்தனை வருடத்தில் அவள் வந்தது இதுதான் முதல் தடவை, என் ஸ்டூலைப் பார்த்துவிட்டு, இதுலயா உட்கார்றீங்க, வீட்ல அந்த நாற்காலி குத்துது இந்த நாற்காலி குத்துதுன்னு அவ்ளோ பேசறீங்க என்றாள். தட்சிணாமூர்த்தி அதை ஷெட் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்கிவிட்டார். பாயின் மகள் சபீனா, கல்லூரியில் படிக்கிறவள், அன்று அங்கே இருந்தாள், நீ இங்கிலீஷில் சொல்வதை அவள்தான் எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் நம் தொட்டி வந்தது. நீலமும் சிவப்பும் அவ்வளவு பெரிதாக! ஓரத்தில் கண்ணாடியில் என் தொப்பை பிரதிபலிப்பதையும் நீ வெட்டாமல் விட்டுவிட்டாய், அந்தத் தேர்வுக் குழு முழுக்க அதைப் பார்த்தது, இருக்கட்டும். அடுத்த படத்தில் உன் மண்டலம், நடுவில் ஒரு புள்ளி, இரண்டு பக்கமும் மெல்லிய கோடு, அப்புறம் அகன்று, அப்புறம் கலைந்து. தட்சிணாமூர்த்திகூட வாயைத் திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். வயதான தாரைகளின் கதையையும் சொன்னாய், நடுவில் இருக்கும் இயந்திரம் நின்றுபோனால் வெளியே பரவிய மேகங்கள் மெல்ல மெல்ல மங்கும், சிலவற்றில் அது மறுபடி உயிர் பெற்றுப் பழைய மேகங்களுக்குள்ளேயே புது ஜோடித் தாரை புறப்படும் என்று சபீனா சொன்னபோது யூசுப் பாய் மாஷா அல்லாஹ் என்றார்.

அப்புறம்தான் குழுவிலிருந்து அந்த வெள்ளை முடி அம்மா எழுந்து கேட்டார்கள். வெளியிலிருந்து இழுப்பது சரி, ஆனால் தாரை போகும் வழிக்குள்ளேயே நட்சத்திரங்கள் நிற்கின்றனவே, அவை உதிர்க்கும் வாயுவும் தாரைக்குக் கனம் சேர்க்குமே, உங்கள் மண்டலத்தில் எது எவ்வளவு என்று. சபீனா இதைச் சொல்லி முடிப்பதற்குள் நீ தெரியாது என்று சொல்லிவிட்டாய், அந்த ஒரு சொல் எனக்கே புரிந்தது.  நீ நிற்காமல் தொடர்ந்து, என்னிடம் இருக்கும் படங்களில் இரண்டையும் பிரிக்க முடியாது, வெளியிலிருந்து வருவது அதிகம் என்றால் தாரையின் ஓரம் முதலில் மெதுவாகி நடு வேகமாகவே இருக்கும், உள்ளே நட்சத்திரங்களிலிருந்து வருவது அதிகம் என்றால் குறுக்கே எல்லா இடமும் ஏறக்குறைய சேர்ந்தே மெதுவாகும், அதைப் பார்க்க இன்னும் கூர்மையான படங்கள் வேண்டும், அதைத்தான் இந்த இரண்டு வருடத்தில் செய்ய நினைக்கிறேன் என்று சொன்னதாகச் சபீனா சொன்னாள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். திரை அணைந்தது. தட்சிணாமூர்த்திதான் முதலில் ஆரம்பித்தார். “பாப்பா இன்னாத்துக்கு நைனா உள்ளத சொல்லிச்சு, தெர்லன்னா எதுனா ஒன்ன எட்த்து உட வேண்டியதுதானே, நானு இன்ஸ்பெக்டராண்ட அப்டித்தானே உட்டுகினு கீறேன்” என்று அங்கலாய்த்தார். எனக்கும் அதே எண்ணம்தான், பொய் சொல்வானேன். கொஞ்ச நேரத்தில் உன் செய்தியும் வந்துவிட்டது. அம்மா அதைப் படித்துவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

இந்த அம்பத்தூர் வேலை வேண்டும் என்று ஆறு மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தது அவள்தான் என்பது உனக்குத் தெரியும். பிரசன்னாவிடம் முதலில் கேட்டதும் அவள்தான். நிலையான வேலை, வீட்டுச் சாப்பாடு, ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம், வானத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளட்டும் என்பாள். நான் நடுவில் மண்டையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். உன் செய்தியைப் பார்த்ததும் எனக்கு உனக்காக வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் சனிக்கிழமை காலையில் எழுந்ததும் நான் செய்த முதல் வேலை உன் அறைக்குப் புது மின்விசிறி வாங்கி மாட்டியது. வருத்தப்படுகிறவன் செய்கிற வேலையா இது! ஏணியில் நின்றுகொண்டு பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நின்று என்னையும் மின்விசிறியையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நேரே எதிர்வீட்டுக்குப் போனாள். நான் ஸ்க்ரூடிரைவரோடு பின்னாலேயே ஓடினேன். பிரசன்னா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா உட்காரக்கூட இல்லை. “பிரசன்னா, அந்த இடத்த வேற யாருக்காவது குடுத்துடுப்பா, நிஷாவுக்கு வேணாம்” என்றாள். அவன் கையில் தோசையோடு, ஆன்ட்டி, திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கே, அங்க ரிசல்ட் வரட்டுமே என்றான். “வந்தாலும் சரி வராட்டியும் சரி, அவ பேர்ல ஒரு இடத்த அடச்சு வெக்காத, தேவைப்படற புள்ளைங்க எவ்ளோ பேர் இருக்காங்க” என்றாள். ஞானம்மாள் டீச்சர் சும்மா இருப்பாரா, ஏன் கமலம், அங்கயும் கிடைக்காம இங்கயும் இல்லாம பொண்ணு நடுவுல நின்னா என்ன பண்ணுவே, நீதானே தினம் வந்து புலம்பினே என்று கேட்டார். அதற்கு அம்மா, “புலம்பினது நான், வேலை பாக்கப்போறது அவ டீச்சர்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பிரசன்னா நல்ல பையன், வருத்தப்படவில்லை, உனக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் என்னடி இது, அவளே சரியென்று சொன்ன பிறகு நீ ஏன் வேண்டாம் என்றாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன். அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டுத் திரும்பினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நீங்க எல்லாரும் அந்தக் கேள்வி கேட்ட அம்மாவையே பாத்துட்டு இருந்தீங்க. நான் நிஷாவ மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், எனக்குத்தான் ஒண்ணும் புரியலையே, வேற என்ன பண்றது. ஆரம்பத்துலேருந்து ஒப்பிக்கிற மாதிரி பேசிட்டு இருந்தா, கை ரெண்டும் இறுக்கமா இருந்துச்சு. தெரியாதுன்னு சொன்னா பாருங்க, அப்பதான் கை தளர்ந்துச்சு, அப்பதான் முகம் மலர்ந்துச்சு. தெரிஞ்சதச் சொன்னப்ப இல்லாத சந்தோஷம் தெரியாததச் சொன்னப்ப இருந்துச்சுங்க. அந்த முகத்த அம்பத்தூர்ல ஒரு சீட்டுல உட்கார வெச்சு நான் தினம் பாத்துட்டு இருக்க முடியாது.” இவ்வளவுதான்.  இத்தனை மாதம் உந்தம், ஒளியாண்டு என்று ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தவன் நான், உன்னைச் சரியாகப் பார்த்தவள் அவள். அப்படியானால் மின்விசிறி என்று இழுத்தேன். அது பாட்டுக்கு ஓடட்டும், தையல் மெஷின அந்த ரூம்ல போட்டுக்கறேன், ஹால்ல புழுங்குது என்றாள்.

அதனால் நிஷா, இது எங்கள் இருவரின் பதில். நீ அங்கே தோற்றதாக நினைத்து எங்களுக்காக இந்த வேலைக்குச் சரி என்று எழுதியிருக்கிறாய், அப்படி வர வேண்டாம். இது கிடைத்தால் அந்த ஓரம் முதலில் மெதுவாகிறதா, எல்லாம் சேர்ந்தா என்று பார்த்துச் சொல், எனக்கு இப்போது அது தெரிந்தே ஆக வேண்டும், ஷெட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசிக்கொண்டிருக்கிறோம். கிடைக்கவில்லை என்றால் வேறு இடங்களுக்கு எழுது, உன் உதவித்தொகை இருக்கும் மாதங்கள்வரை நிதானமாக எழுது, எங்களைச் சாக்காக வைத்து நிறுத்தாதே. வீட்டுக்கு வர ஆசை வந்தால் ஒரு காரணமும் சொல்லாமல் வா, டிக்கெட் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னால் போதும், நான் ஏர்போர்ட்டில் இரண்டு மணி நேரம் முன்னாலேயே நின்று எல்லோருக்கும் தொந்தரவு கொடுப்பேன். தெரியாது என்று சொன்னதற்காக வருத்தப்படாதே. அத்தனை படித்தவர்கள் நடுவில் நின்று அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்கு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நீ எங்களுக்குப் பிறந்தவள் என்பதை இன்னும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை, அம்மா பக்கத்து அறிவு என்று அவள் சொல்வதை இந்த ஒரு தடவை ஒப்புக்கொள்கிறேன்.

குளிர் காலத்தில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. ரசப்பொடியும் பருப்புப்பொடியும் அனுப்பியிருக்கிறோம், பக்கத்து அறைப் பெண்ணுக்கும் கொடு. ராத்திரி படங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துவிடாதே, அவை பல கோடி வருடமாக அங்கேயேதான் இருக்கின்றன, நீ சாப்பிட்டு வரும்வரை இருக்கும். நீ நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் கேள்விகள் குறையாமல் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் மறக்காதே, முடிவு எதுவாக இருந்தாலும் முதலில் அம்மாவுக்குப் போன் செய். வீடியோவில் செய், அவள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். என்ன முடிவு என்று எனக்கு அவள் சொல்வாள்.

என்றும் உன் அன்புள்ள அப்பா,
கு. சம்பந்தம்